கற்குவியலில் என்ன பார்ப்பது? அகுவா ஃப்ரியா பற்றி வாசகர் கேள்விகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரின் மையத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 40 மைல் தொலைவில், இன்டர்ஸ்டேட் 17 நெடுஞ்சாலைக்குக் கிழக்கே பரந்து கிடக்கிறது அகுவா ஃப்ரியா தேசிய நினைவுச்சின்னம். பிள்ளைகளைப் பார்க்க அங்கே செல்லும் பெற்றோரும், அங்கேயே வேலை பார்க்கும் இளைஞர்களும் இந்த இடத்தைப் பற்றி எழுதிக் கேட்ட கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒரே பொருளைச் சுற்றியவை என்பதால் இந்த இதழின் பகுதியை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: நினைவுச்சின்னம் என்றதும் சிலையோ மண்டபமோ இருக்கும் என்று நினைத்துப் போனோம். நுழைவாயில்கூட இல்லை. இதை எந்தக் கணக்கில் நினைவுச்சின்னம் என்கிறார்கள்?

சட்டக் கணக்கில். 1906ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய தொல்பொருள் சட்டம், கூட்டரசுக்குச் சொந்தமான நிலத்தில் வரலாற்று மதிப்போ அறிவியல் மதிப்போ உள்ள இடங்களைக் குடியரசுத் தலைவர் தம் ஆணை ஒன்றினாலேயே காப்பிடமாக அறிவிக்கலாம் என்ற அதிகாரத்தைக் கொடுத்தது. தேசியப் பூங்காவை உருவாக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்ற வேண்டும். இதற்கு அது தேவையில்லை. தென்மேற்கு மாநிலங்களின் இடிபாடுகளில் இருந்து பானைகளையும் எலும்புகளையும் வண்டி வண்டியாகத் தோண்டி விற்றுக்கொண்டிருந்தவர்களைத் தடுக்கத்தான் முதன்மையாக அந்தச் சட்டம் வந்தது. அதே சட்டத்தின்கீழ் 2000ஆம் ஆண்டு ஜனவரி 11 அன்று குடியரசுத் தலைவர் பில் கிளின்டன், ஏறத்தாழ 71,000 ஏக்கர் பரப்பை அகுவா ஃப்ரியா தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்.

ஆகவே, நீங்கள் தேடிய மண்டபம் அங்கே இல்லை. அந்த நிலப்பரப்பு முழுவதும்தான் நினைவுச்சின்னம். அந்த ஆணை குறிப்பிடும் கணக்குப்படி, அதற்குள் குறைந்தது 450 தொல்லியல் இடங்கள் அப்போதே அறியப்பட்டிருந்தன. இதை நிர்வகிப்பது தேசியப் பூங்காத் துறை அல்ல, கூட்டரசின் நில மேலாண்மைத் துறை. அதனால்தான் நுழைவுச்சீட்டு, அருங்காட்சியகம், சீருடை அணிந்த வழிகாட்டி, குளிர்பானக் கடை எதுவும் கண்ணில் படவில்லை. கட்டணமும் இல்லை. வசதிக் குறைவு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கம்பிவேலியும் கண்ணாடித் தடுப்பும் இல்லாமல் 600 ஆண்டுப் பழமையின் முன்னால் தனியாக நிற்கும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நம்மை நம்பித்தான் அந்த வாய்ப்பை விட்டுவைத்திருக்கிறார்கள் என்பதையும் கூடவே நினைவில் வைக்க வேண்டும்.

கேள்வி: மிகுந்த ஆவலுடன் புவெப்லோ லா பிளாட்டா என்ற இடிபாட்டைப் பார்க்கப் போனோம். முழங்கால் உயரத்துக்குக் கற்கள் குவிந்து கிடந்தன, அவ்வளவுதான். இவ்வளவு தூரம் மண்சாலையில் குலுங்கிப் போனதற்கு இதுதானா?

உங்கள் ஏமாற்றம் நியாயமானதே. நிழற்படங்களில் நாம் பார்த்துப் பழகியவை மான்டெசுமா காசில் போன்ற குன்றுச்சரிவு வீடுகள். அவை பாறைக் குடைவின் நிழலில் மழை படாமல் நின்றதால் கூரை வரை பிழைத்தன. லா பிளாட்டாவோ பெர்ரி மேசா என்னும் திறந்த மேட்டுச் சமவெளியின் விளிம்பில் இருக்கிறது. வெயிலும் மழையும் காற்றும் நேராகத் தாக்கும் இடம். எரிமலைக் குழம்பு உறைந்த கருநிறப் பசால்ட் கற்களைச் செதுக்காமல், கிடைத்த வடிவிலேயே அடுக்கி எழுப்பிய சுவர்கள் அவை. கூரையைத் தாங்கிய மரமும் மேலே பூசிய மண்ணும் போனபின், சுவர்கள் தம் எடையாலேயே உள்ளும் புறமும் சரிந்தன.

எனவே அங்கே கட்டடத்தைத் தேடாமல் கட்டடத்தின் வரைபடத்தைத் தேட வேண்டும். குவியலின் மேல் ஏறாமல், அதன் ஓரமாக நின்று, கண்ணைச் சற்றுத் தாழ்த்திப் பாருங்கள். ஒழுங்கற்றுச் சிதறிய கற்களுக்கு நடுவே, ஒரே நேர்க்கோட்டில் இரண்டு மூன்று வரிசை கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இன்னும் படிந்திருப்பது தெரியும். அதுதான் சுவரின் அடி. அந்தக் கோடு செங்கோணமாகத் திரும்பும் இடத்தைக் கண்டுபிடித்தால் ஓர் அறையின் மூலை கிடைத்துவிடும். ஒரு மூலை கிடைத்தபின் அடுத்த அறை, அதற்கு அடுத்தது என்று, இடையே பொதுச்சுவர் வைத்து ஒட்டி ஒட்டிக் கட்டிய அறைகளின் தொகுதி தானாகவே விரியும். நடுவில் குழிந்திருப்பவை அறைகளின் உட்புறம். அவற்றைச் சுற்றி மேடிட்டிருப்பவை விழுந்த சுவர்கள். இந்த நினைவுச்சின்னத்துக்குள் இப்படிப்பட்ட குடியிருப்புத் தொகுதிகள் சிலவற்றில் 100 அறைகளுக்குக் குறையாமல் இருந்தன.

அடுத்ததாக, திரும்பி நின்று பள்ளத்தாக்கைப் பாருங்கள். பெரிய குடியிருப்புகள் பெரும்பாலும் செங்குத்தான பள்ளத்தாக்குகளின் விளிம்பில்தான் அமைந்திருக்கின்றன. ஒரு பக்கம் யாரும் எளிதில் ஏற முடியாத சரிவு, மறுபக்கம் வெகுதூரம் வரை கண்ணுக்கு எட்டும் சமவெளி. இந்த அமைவைக் கண்டவர்களில் ஒரு சாரார், அண்டை மக்களிடமிருந்து தற்காத்துக்கொள்ளவே இப்படிக் கட்டினார்கள் என்று வாதிட்டனர். இன்னொரு சாரார், அன்றைய மழைப்பொழிவில் மேட்டு நிலம் வேளாண்மைக்கு உகந்ததாக இருந்ததே மக்களை ஈர்த்தது என்றனர். இரண்டில் எது சரி என்பது இன்னும் முடியாத வழக்கு. நேரில் நிற்கும்போது இரண்டுக்குமான சான்றுகளும் ஒரே பார்வையில் தெரியும் என்பதுதான் அந்த இடத்தின் சுவை.

அதோடு, வீடுகளைத் தாண்டியும் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. சரிவுகளில் குறுக்காக ஓடும் தாழ்வான கல்வரிசைகள் வெறும் கற்கள் அல்ல. ஓடிவரும் மழைநீரின் வேகத்தைக் குறைத்து, வண்டலைப் பிடித்து வைத்து, அதில் பயிர் செய்ய அமைத்த படிவயல்கள். மக்காச்சோளத்துடன், ஆனைக்கற்றாழை இனச் செடிகளையும் அம்மக்கள் வளர்த்தார்கள். அவற்றின் அடித்தண்டைக் கல் பாவிய குழிகளில் நெடுநேரம் சுட்டு உண்டார்கள். மேட்டின் சில இடங்களில் கற்களை முழுவதும் அகற்றி ஒதுக்கி உருவாக்கிய, நெடுந்தொலைவு நேராக நீளும் வெற்றுப் பட்டைகளும் உண்டு. அவை சடங்கோடு தொடர்புடைய ஓட்டப் பந்தயத் தடங்கள் என்பது ஆய்வாளர்களின் கருத்து. இன்றும் தென்மேற்கின் பூர்வகுடி மக்களிடையே ஓட்டம் வழிபாட்டின் ஒரு பகுதியாக இருக்கிறது என்பது அந்தக் கருத்துக்கு வலு சேர்க்கிறது. கற்குவியலை மட்டும் பார்த்துத் திரும்பியவர்கள் இந்தத் தடங்களின் மேலேயே நடந்து, கவனிக்காமல் வந்திருக்கவும் கூடும்.

கேள்வி: அங்குள்ள பாறைகளில் செதுக்கிய உருவங்கள் இத்தனை நூற்றாண்டு வெயிலில் எப்படி அழியாமல் இருக்கின்றன? நிறம் பூசியிருக்கிறார்களா?

நிறம் பூசவில்லை, நிறத்தை நீக்கியிருக்கிறார்கள். பாலைநிலத்தில் நெடுங்காலம் அசையாமல் கிடக்கும் பாறையின் மேல் பழுப்பும் கருமையும் கலந்த பளபளப்பான படலம் ஒன்று உருவாகிறது. காற்றில் வரும் நுண்ணிய களிமண்ணும் மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றின் ஆக்சைடுகளும் சேர்ந்து படிந்தது அது. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட அது அரிதாகவே தாண்டும். வளர்வதோ ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்ற வேகத்தில். செதுக்கியவர் கையில் இருந்தது இன்னொரு கடினமான கல். அதைக் கொண்டு கொத்தக் கொத்த, கருமையான படலம் உடைந்து அடியிலுள்ள பாறையின் வெளிறிய நிறம் வெளிப்படும். பாலைநிலத்தில் மழையும் செடிகொடிகளும் குறைவு என்பதால் அந்த வேறுபாடு நூற்றாண்டுகள் கடந்தும் நிற்கிறது.

அருகில் சென்று, தொடாமல், ஒரு கோட்டை மட்டும் உற்றுப் பாருங்கள். தொலைவிலிருந்து ஒரே இழுப்பில் வரைந்தது போலத் தெரிந்த மானின் முதுகு, கிட்டத்தில் எண்ணற்ற சிறு குழிகளாகப் பிரிந்துவிடும். ஒவ்வொரு குழியும் ஓர் அடி. சில இடங்களில் குழிகள் நெருக்கமாகவும் சீராகவும் இருக்கும். சில இடங்களில் கோட்டைத் தாண்டிச் சிதறியிருக்கும். கொம்பின் நுனி போன்ற நுட்பமான பகுதிக்கு வரும்போது அடிகள் சிறுத்து, அடர்ந்து, கவனமாக விழுந்திருப்பதைக் காணலாம். கல்லை நேரடியாக ஓங்கிக் கொத்தியதற்கும், உளிபோல் ஒரு கல்லை வைத்து இன்னொரு கல்லால் தட்டியதற்கும் உள்ள வேறுபாடு இதில்தான் தெரியவரும்.

குழிக்குள் இருக்கும் நிறத்தையும் கவனியுங்கள். படலம் மறுபடியும் மெல்ல வளரத் தொடங்குவதால், பழைய செதுக்கல்கள் சற்று மங்கி, சுற்றியுள்ள பாறையின் நிறத்தை நோக்கி நகர்ந்திருக்கும். ஒரே பாறையில் ஒன்று மங்கலாகவும் மற்றொன்று தெளிவாகவும் இருந்தால், அவற்றுக்கிடையே நெடிய கால இடைவெளி இருக்க வாய்ப்புண்டு. நேற்று வந்த ஒருவர் சாவியால் கீறிய பெயரோ, சுண்ணாம்பு போல வெளுத்துத் தனித்துத் தெரியும். நம் வாழ்நாளில் அது மங்கப் போவதில்லை.

கேள்வி: சுருள் வடிவம் சூரியனைக் குறிக்கிறது, படிக்கட்டு வடிவம் மழையைக் குறிக்கிறது என்றெல்லாம் இணையத்தில் அகராதி போலவே போட்டிருக்கிறார்கள். அதை வைத்துப் படிக்கலாமா?

படிக்க வேண்டாம். எழுத்துக்கு ஒலி இருப்பதுபோல ஒரு வடிவத்துக்கு ஒரே பொருள் என்று எல்லா இடத்துக்கும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் பட்டியல் எதுவும் கிடையாது. ஒரு சுருள் ஓர் இடத்தில் ஒரு குலத்தின் இடப்பெயர்வைக் குறிப்பதாக அந்த மக்களின் வழித்தோன்றல்கள் சொல்லலாம். இன்னோர் இடத்தில் அது பருவகாலத்தைக் கணிக்கும் குறியாக இருக்கலாம். சூரிய ஒளிக்கீற்று குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட செதுக்கலின் மேல் விழுவதாகப் பதிவான இடங்கள் அரிசோனாவில் உண்டு. ஆனால், பாறைகளும் நிழல்களும் நிறைந்த இடத்தில் ஏதோ ஒரு நிழல் ஏதோ ஒரு நாளில் ஏதோ ஒரு உருவத்தைத் தொடுவது இயல்பே என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஹோப்பி, ஜூனி முதலிய பூர்வகுடி மக்கள் இவற்றுள் சிலவற்றின் பொருளை அறிந்தவர்கள். அறிந்த எல்லாவற்றையும் வெளியாரிடம் சொல்ல வேண்டும் என்று அவர்கள் கருதுவதில்லை. அதை மதிப்பதே முறை. நமக்கு எஞ்சுவது பார்ப்பது: எந்த விலங்கு, எந்தத் திசையை நோக்கி, ஓடையிலிருந்து எவ்வளவு உயரத்தில், பாறையின் எந்த முகத்தில் என்று பார்ப்பதற்கே ஒரு முழுக் காலைப்பொழுது போதாது.

கேள்வி: செதுக்கல்களில் எது பழையது, எது புதியது என்று மட்டும்தான் சொல்கிறீர்கள், ஆனால் குடியிருப்புகளுக்கு மட்டும் 1250 முதல் 1450 வரை என்று துல்லியமாகச் சொல்கிறார்களே, எப்படி?

பானையோடுகளாலும் மரங்களாலும். இந்தச் சங்கிலி சுவையானது என்பதால் சற்று விரித்தே சொல்கிறேன். அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் வானியலாளராக இருந்த ஏ. ஈ. டக்ளஸ், சூரியப் புள்ளிகளுக்கும் தட்பவெப்பத்துக்கும் தொடர்பு தேடி மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராயத் தொடங்கினார். மழை மிகுந்த ஆண்டில் அகன்ற வளையமும், வறண்ட ஆண்டில் குறுகிய வளையமும் விழுவதால், ஒரு வட்டாரத்து மரங்கள் எல்லாம் ஒரே வரிசையைக் காட்டும். உயிருள்ள மரத்தில் தொடங்கிப் பழைய கட்டடங்களின் உத்திரங்கள் வழியாக அந்த வரிசையைப் பின்னோக்கி நீட்டிக்கொண்டே போனார். தொன்மையான இடிபாடுகளின் உத்திரங்கள் தமக்குள் இன்னொரு வரிசையைக் காட்டின. ஆனால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தது. 1929ஆம் ஆண்டு ஜூன் மாதம், அரிசோனாவின் ஷோ லோ என்ற ஊரில் கிடைத்த கரிந்த உத்திரம் ஒன்று அந்த இடைவெளியை இணைத்தது. அன்றோடு தென்மேற்கின் பல இடிபாடுகளுக்கு ஆண்டுக் கணக்கில் வயது கிடைத்துவிட்டது.

உத்திரம் கிடைத்த இடத்தில் எந்த வகை ஓவியப் பானைகள் புழங்கின என்று தெரிந்தால், உத்திரமே கிடைக்காத இன்னோர் இடத்திலும் அதே வகைப் பானையோட்டைக் கொண்டு காலம் கணிக்கலாம். பெர்ரி மேசாவில், வடகிழக்கே தொலைவில் உள்ள ஹோப்பி மேட்டுநிலங்களில் சுட்ட மஞ்சள் நிறப் பானைகளின் ஓடுகள் கிடைக்கின்றன. 14ஆம் நூற்றாண்டில் பரவலாகக் கைமாறிய சரக்கு அது. ஆக, உங்கள் காலடியில் கிடக்கும் கட்டைவிரல் அளவு ஓடு ஒன்று, அந்த வீடு எப்போது குடியிருப்பாக இருந்தது என்பதையும், அதன் மக்கள் எவ்வளவு தொலைவில் உள்ளவர்களோடு உறவு வைத்திருந்தார்கள் என்பதையும் ஒருசேரச் சொல்கிறது. அதைச் சொல்ல அது கிடந்த இடத்திலேயே கிடக்க வேண்டும்.

கேள்வி: அந்த ஓடுகளில் ஒன்றே ஒன்றைப் பேத்திக்கு எடுத்து வரலாமா? ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடக்கின்றன.

கூடாது. வருகிற ஒவ்வொருவரும் "ஒன்றே ஒன்று" என்று எடுத்ததால்தான் பல இடங்களில் ஓவியம் தீட்டிய ஓடுகள் அறவே இல்லாமல் போய், வெறும் சொரசொரப்பான சமையல்பானை ஓடுகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. 1979ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டப்படி, கூட்டரசு நிலத்தில் தொல்பொருளை எடுப்பதும் சேதப்படுத்துவதும் குற்றம். முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறையும் 10,000 டாலர் வரை அபராதமும் விதிக்கலாம். பொருளின் மதிப்பும் சீரமைப்புச் செலவும் சேர்ந்து 500 டாலரைத் தாண்டினால் இரண்டாண்டு, 20,000 டாலர் என்று ஏறும். விசாவில் சென்றிருப்பவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே வேண்டாம்.

எடுத்துப் பார்த்துவிட்டு, அழகான ஓடுகளை ஒரு தட்டையான பாறையின் மேல் அடுக்கி வைத்துவிட்டுப் போகும் பழக்கமும் அங்கே உண்டு. நல்லெண்ணத்தோடு செய்வதுதான், ஆனாலும் எந்த அறைக்குரிய ஓடு எது என்ற செய்தி அந்த நொடியே அழிந்துவிடுகிறது. பேத்திக்கு நிழற்படம் எடுத்துக் கொடுங்கள். அளவு தெரிய அருகில் ஒரு நாணயத்தை வைத்து எடுத்துவிட்டு, நாணயத்தை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செதுக்கல்களைத் தொட்டால் என்ன? கல்தானே?

கல்தான், ஆனால் உருவம் இருப்பது கல்லில் அல்ல, அதன் மேலுள்ள அந்த மெல்லிய படலத்தில். விரலின் எண்ணெய்ப் பிசுக்கும் வியர்வையும் அதில் படிந்து நிறத்தை மாற்றும். படம் தெளிவாக விழ வேண்டுமென்று சுண்ணக்கட்டியால் கோடிடுவது, தண்ணீர் தெளிப்பது, தாளை வைத்துத் தேய்த்துப் படியெடுப்பது ஆகிய மூன்றும் தொடுவதைவிடத் தீங்கானவை.

படத்துக்கு நல்ல வழி வெயிலின் சாய்வுதான். நடுப்பகல் வெயிலில் உருவங்கள் பாறையோடு கரைந்துவிடும். காலையிலோ மாலையிலோ ஒளி பக்கவாட்டில் விழும்போது, குழிகளின் விளிம்பில் நிழல் கட்டி உருவம் எழுந்து நிற்கும். ஃபிளாஷ் அந்த நிழலையும் விழுங்கிவிடும் என்பதால் அதை அணைத்துவிடுங்கள். நேர்வெயிலில்தான் போக முடிந்தது என்றால், கூட வந்தவரைக் குடை பிடித்து நிழல் கட்டச் சொல்லலாம். படத்தை வெளியிடும்போது இருப்பிடத் தகவலை நீக்கிவிடுவது நல்லது. அதிகாரப்பூர்வமாக அறிவிக்கப்பட்ட பாதைகளைப் பற்றிச் சொல்வதில் தவறில்லை. அறிவிக்கப்படாத ஓர் இடத்தின் சரியான புள்ளியைச் சொன்னால், தோண்டுபவனுக்கும் அது வழிகாட்டும்.

கேள்வி: எழுபது வயதைத் தொடும் எனக்கும் கணவருக்கும் எது ஏற்றது? மகனிடம் சிறிய கார்தான் இருக்கிறது.

பேட்ஜர் ஸ்பிரிங்ஸ் பாதையில் தொடங்குங்கள். இன்டர்ஸ்டேட் 17 நெடுஞ்சாலையில் 256ஆம் எண் வெளியேறு வழியில் இறங்கி, சிறிது தொலைவு மண்சாலையில் சென்றால் நடைபாதை தொடங்கும் இடம் வரும். அங்கிருந்து மணலும் உருளைக்கற்களும் நிறைந்த வறண்ட ஓடைப்படுகை வழியாக ஒரு மைலுக்கும் குறைவாக நடந்தால் அகுவா ஃப்ரியா ஆற்றை அடையலாம். அந்தச் சந்திப்பை ஒட்டிய பாறைகளில்தான் செதுக்கல்கள் இருக்கின்றன. ஏற்றம் குறைவு, ஆனால் கால் புதையும் மணலும் இடறும் கல்லும் உண்டு. செருப்பு வேண்டாம், கணுக்காலைப் பிடிக்கும் காலணியும் ஓர் ஊன்றுகோலும் வேண்டும். ஓரிடத்தில் பாறைகளைப் பிடித்து ஏறவேண்டியிருந்தால், ஏறிப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. கீழே நின்றே நிறையத் தெரியும்.

லா பிளாட்டாவுக்குச் சிறிய கார் வேண்டாம். 259ஆம் எண் வெளியேறு வழியில் தொடங்கும் பிளடி பேசின் சாலை, முதலில் ஒழுங்காகவே இருக்கும். போகப் போக மேடுபள்ளம் கூடும், ஆற்றையும் பாலமின்றிக் கடக்க வேண்டும். அடித்தளம் உயர்ந்த வண்டி இருந்தால் மட்டும், அதுவும் மழை பெய்யாத நாட்களில் போகலாம். நனைந்த களிமண்ணில் சக்கரம் புதைந்தால், இழுத்துவிட ஆள் வரப் பாதி நாளாகலாம்.

நடப்பதே கடினம் என்றால் வேறு இரண்டு இடங்கள் இருக்கின்றன. பீனிக்ஸ் நகரின் வடபகுதியிலேயே, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ள டீர் வேலி பாறைச் செதுக்கல் காப்பகத்தில் 1,500க்கும் மேற்பட்ட உருவங்களைக் குறுகிய, சமமான பாதையில் நடந்தே காணலாம். இன்னும் வடக்கே சென்றால் கேம்ப் வெர்டே ஊருக்கு அருகில் மான்டெசுமா காசில். 1906ஆம் ஆண்டிலேயே தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்ட, ஐந்தடுக்கும் 20 அறைகளும் கொண்ட குன்றுச்சரிவு வீடு. தளம் பாவிய பாதையில் சக்கர நாற்காலியும் போகும். வீட்டுக்குள் ஏறும் அனுமதி 1951ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டதால், இளைஞருக்கும் முதியவருக்கும் அங்கே ஒரே காட்சிதான். இரண்டுக்கும் கட்டணம் உண்டு. திறந்திருக்கும் நாட்களைக் கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எந்த மாதத்தில் போவது?

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை. கடல் மட்டத்திலிருந்து 2,150 அடியில் தொடங்கி 4,600 அடி வரை உயரும் நிலம் என்பதால், பீனிக்ஸைவிட வெப்பம் சற்றுக் குறைவாகவே இருக்கும். ஆனாலும் கோடையில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம், மேட்டில் ஒதுங்க நிழலும் கிடையாது. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய அங்கே பருவமழைக் காலம். தலைக்கு மேல் வானம் தெளிந்திருக்கும்போதே, எங்கோ மலையில் பெய்த மழை ஓடைப்படுகையில் வெள்ளமாக வந்து இறங்கிவிடும். பேட்ஜர் ஸ்பிரிங்ஸ் பாதையே ஓடைப்படுகைதான் என்பதை எண்ணிப் பாருங்கள். எந்த மாதமானாலும், முழுநாள் வெளியில் இருப்பதானால் ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர் வேண்டும். உள்ளே குடிநீர் எங்குமே கிடைக்காது. கைபேசிக்குப் பல இடங்களில் இணைப்பு கிடைக்காது என்பதால், எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

கேள்வி: பாம்பு?

உண்டு. கிலுகிலுப்பைப் பாம்புகள் இளஞ்சூடான நாட்களில் பாறை இடுக்குகளிலும், இடிந்த சுவர்களின் கற்களுக்கு நடுவிலும் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையையும் காலையும் வைக்காதீர்கள். சுவர்களின் மேல் ஏறாமல் இருக்க இது இன்னொரு காரணம்.

கேள்வி: இவ்வளவு பேர் வாழ்ந்த ஊர்களை விட்டு மக்கள் மாயமாக மறைந்துவிட்டார்கள் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். என்ன ஆனார்கள்?

மறையவில்லை, இடம் மாறினார்கள். சில ஆயிரம் பேர் வரை வாழ்ந்த இந்தக் குடியிருப்புகள் 1450 வாக்கில் காலியாகின. நீடித்த வறட்சி, மண்ணின் வளம் குன்றியது, அண்டை மக்களோடு பூசல், வணிக வழிகள் மாறியது என்று காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் குறைவு. அதே காலத்தில் தென்மேற்கின் வேறு பல ஊர்களும் காலியாகின என்பதால், இது ஓர் ஊரின் தனிக்கதை அல்ல.

"மாயமாக மறைந்த மக்கள்" என்ற பேச்சு காணொளிக்கு உதவும். உயிரோடு இருக்கும் வழித்தோன்றல்களுக்கு அது பெரிய அவமதிப்பு. தங்கள் குலங்கள் சில இந்தத் தெற்குப் பகுதிகளிலிருந்து வந்தவை என்று ஹோப்பி மக்களின் வாய்மொழி மரபு சொல்கிறது. அந்த இடிபாடுகளை, முன்னோர் கடந்துவந்த வழியில் விட்டுச்சென்ற அடித்தடங்களாகவே அவர்கள் காண்கிறார்கள். பின்னர் இந்த நிலத்தில் வாழ்ந்த யாவாபாய் மக்களும் இன்றும் அருகிலேயே இருக்கிறார்கள். ஆகவே அங்கே நீங்கள் நுழைவது யாருமற்ற ஊருக்குள் அல்ல. வேறோர் ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களின் பழைய வீட்டுக்குள்.

கேள்வி: சென்ற முறை இரண்டு இளைஞர்கள் பாறையில் பெயர் கீறிக்கொண்டிருந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் வந்துவிட்டோம். செய்திருக்க வேண்டியது என்ன?

நேரில் போய் வாதிடாமல் இருந்ததே சரி. ஆள் அரவமற்ற இடம்; எதிரே இருப்பவர் கையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தொலைவில் இருந்தபடியே, நாள், நேரம், இடம், வண்டியின் எண், ஆட்களின் தோற்றம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆபத்தில்லை என்றால் ஒரு படமும் எடுக்கலாம். இணைப்புக் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும், நில மேலாண்மைத் துறையின் பீனிக்ஸ் அலுவலகத்துக்கோ அத்துறையின் காவலர்களுக்கோ தெரிவியுங்கள். கீறலை நீங்களே தேய்த்து அழிக்க முயல வேண்டாம். அதனால் படலம் மேலும் பெயரும், சான்றும் அழியும். நாள் கடந்துவிட்டது என்று தயங்காமல், நீங்கள் அன்று பார்த்ததை இப்போதும் எழுதித் தெரிவிக்கலாம். எந்தப் பாறை என்று தெரிந்தால்தான் சீரமைப்பவர்கள் அங்கே போக முடியும்.